ஓவராயிலிங்

அப்பாவின் வாட்ச் என் மேசை இழுப்பறையில் பதினோரு வருஷம் கிடந்தது. தானாகக் கிடக்கவில்லை, நான்தான் போட்டு வைத்திருந்தேன். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை, வேறு எதையோ தேடும்போது கையில் தட்டுப்படும். எடுத்து இரண்டு ஆட்டு ஆட்டினால் விநாடி முள் நகரும். காதில் வைத்துக் கேட்பேன். ‘அட, ஓடுதே’ என்று ஒரு சந்தோஷம். அரை மணியில் நின்றுவிடும். சரி, ஒருநாள் கொண்டுபோய்க் கொடுக்கணும் என்று நினைத்துக்கொண்டே திரும்ப உள்ளே வைத்துவிடுவேன்.

எண்ணெய் வற்றிய வாட்ச்சுக்கு இதைவிடப் பெரிய கெடுதல் செய்ய முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது. சும்மா கிடந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆட்டி ஆட்டி ஓட்டினால், காய்ந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து உப்புத்தாள் மாதிரி அச்சு முனைகளைத் தேய்க்கும். பாசத்தில்தான் செய்தேன்.

வாட்ச் ஒமேகா சீமாஸ்டர். ஸ்டீல் கேஸ், வெள்ளி நிற டயல், மூன்று மணி இடத்தில் தேதி. ஆட்டோமேட்டிக், கை அசைய அசையத் தானே சாவி ஏறிக்கொள்ளும். அப்பா சர்வேயர். வாட்ச்சை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டுவார். மணி பார்க்கும்போது உள்ளங்கையில் என்னவோ எழுதியிருப்பதைப் படிப்பவர் போல இருக்கும். ஏன் இப்படிக் கட்டுகிறீர்கள் என்றால், “கண்ணாடி அடிபடாதுல்ல” என்பார். கண்ணாடி அடிபடவில்லைதான். ஆனால் எழுத உட்காரும்போதெல்லாம் மேசையில் உரசி உரசி, பால் படர்ந்த மாதிரி மங்கிப் போயிருந்தது. கேஸின் பக்கவாட்டில் ஒரு பள்ளம் வேறு. அளவுச் சங்கிலி தெறித்துப் பட்டது. நூறு கண்ணிகள், 66 அடி நீளம், இரு முனையிலும் பித்தளைக் கைப்பிடி. அந்தக் கைப்பிடிதான் வந்து விழுந்தது. மணிக்கட்டு தப்பியது வாட்ச்சால்தான் என்று அப்பா சொல்லிக்கொண்டிருப்பார். அம்மா அதை ஒருநாளும் நம்பியதில்லை.

போன வருஷம் ஒரு வழியாக எடுத்துக்கொண்டு போனேன். பழைய மெக்கானிக்கல் வாட்ச்களை மட்டும் பார்க்கிற ஒரு பெரியவர். கண்ணில் லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடி, குனிந்த தலை. மேசையில் வைத்துவிட்டு, “புதுசு மாதிரி ஆக்கிக் கொடுத்திடுங்க ஐயா” என்றேன்.

நிமிராமலே கேட்டார்: “எந்த வருஷத்துப் புதுசு தம்பி?”

கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே கேட்டிருக்கிறார். கடையிலிருந்து வந்த அன்று இருந்த மாதிரியா, அப்பா கடைசியாகக் கழற்றி வைத்த அன்று இருந்த மாதிரியா? முதலாவது வேண்டுமென்றால் டயலுக்குப் புது வண்ணம், கேஸுக்கு பாலிஷ், புது முள், புது எல்லாம். இரண்டாவது என்றால் உள்ளே மட்டும் வேலை. “ஓட வைக்கிறது ஒரு வேலை, அழகு பண்றது இன்னொரு வேலை. ரெண்டையும் ஒரே வாய்ல சொல்றீங்க” என்றார். என்னிடம் பதில் இல்லை. முதலில் திறந்து பார்க்கலாம் என்று சொல்லித் தப்பித்தேன்.

சீமாஸ்டரின் பின்மூடியில் குதிரை உடம்பும் மீன் வாலுமாக ஒரு கடல்குதிரை உண்டு. எங்கள் வாட்ச்சில் அது பாதி அழிந்து, தலையும் வால் நுனியும் மட்டும் மிச்சம். மூடியைத் திருகித் திறந்ததும் முதலில் தெரிந்தது ரப்பர் வளையம். வளையம் என்று சொல்லக்கூடாது, தார். தண்ணீர் உள்ளே போகாமல் காக்கவேண்டிய கேஸ்கெட் உருகி, கரிய பசையாக மரையெல்லாம் ஒட்டியிருந்தது. ஒமேகா 1948ல் சீமாஸ்டரைக் கொண்டுவந்தபோது அதன் பெருமையே இந்த ஓ-ரிங்தான். போர்க்காலத்து நீர்மூழ்கிக் கப்பல்களில் பார்த்த யோசனை அது. பெயரில் கடல் இருக்கிறதே என்று, வயதான சீமாஸ்டரைக் கட்டிக்கொண்டு குளத்தில் இறங்குபவர்கள் இந்தத் தாரை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

பெரியவர் மூடியைத் துடைத்து, விளக்குக்குச் சாய்த்துப் பிடித்து, லூப்பை என்னிடம் கொடுத்தார். உள்பக்கம் ஊசியால் கீறிய பொடிப் பொடி எழுத்துகள். ஒன்று ‘3/78’. இன்னொன்று ‘11/86’. நடுவில் யாருடையதோ ஒரு கிறுக்கல், தேதி இல்லை. கடைசியாக ‘5.95’. ஒவ்வொரு தடவையும் வேலை பார்த்தவர் போட்டுவைத்த அடையாளம். பொருள் திரும்பி வந்தால் தான் பார்த்ததா, எப்போது பார்த்தது என்று தெரிய வேண்டுமே. மேலே எழுதினால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார், அதனால் உள்ளே.

1986 நவம்பர் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்பா கையில் வாட்ச் இல்லாமல் இரண்டு மூன்று வாரம் திரிந்தார். பழக்கத்தில் மணிக்கட்டைத் திருப்பி உயர்த்துவார், வெறும் தோலைப் பார்ப்பார், “மணி என்னடா” என்பார். எட்டு வயதில் அது எனக்குப் பெரிய வேடிக்கை. என்ன ஆனது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. பதில் முப்பத்தெட்டு வருஷம் கழித்து, ஒரு ஸ்டீல் மூடிக்குள் ஒரு செண்டிமீட்டர் நீளத்தில் இருந்தது.

அந்த மூடியில் இன்னொன்றும் இருந்தது. விளிம்பை ஒட்டி, நிலாவைச் சுற்றி கோட்டை கட்டினது போல, பளபளவென்று ஒரு வட்டக் கீறல். ஆட்டோமேட்டிக் வாட்ச்சில் அரைவட்டமாக ஒரு கனமான தகடு சுழலும், ரோட்டர் என்பார்கள். அது உட்கார்ந்திருக்கிற புஷ் தேய்ந்தால் ரோட்டர் ஒரு பக்கம் சாயும், சாய்ந்தால் மூடியில் உரசும். நான் ஆட்டிப் பார்க்கும்போதெல்லாம் ‘கர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்குமே, பழைய வாட்ச் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அது பேச்சில்லை, முனகல்.

மூவ்மென்ட்டை, அதாவது வாட்ச்சை ஓட்டுகிற உள் இயந்திரத்தைப் பார்த்ததும், சொன்னால் நம்பமாட்டீர்கள், இதையா இழுப்பறையில் போட்டு வைத்திருந்தோம் என்று வெட்கமாகிவிட்டது. பழைய ஒமேகா மூவ்மென்ட்களுக்குச் செம்பு கலந்த இளஞ்சிவப்புத் தங்க நிறம் ஒன்று உண்டு. வெளியே இத்தனை அடிபட்ட வாட்ச்சுக்குள்ளே அந்த நிறம் அப்படியே இருந்தது. அதில் 565 என்ற எண். அதுதான் மூவ்மென்ட் மாடல். பக்கத்தில் 25ல் தொடங்கும் எட்டு இலக்க வரிசை எண். ஒமேகா சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் அட்டவணைப்படி அது 1967ஐ ஒட்டிச் செய்தது. அப்பா எப்போது வாங்கினார் என்று கேட்டுவைக்காதது என் தவறு. இந்த எண் பாதி பதில் சொன்னது.

வாட்ச்சை முழுசாகப் பிரித்து, கழுவி, எண்ணெய் விட்டு, திரும்ப மாட்டுவதை நம் ஆட்கள் ‘ஓவராயிலிங்’ என்பார்கள். ஓவர்ஹாலிங் என்பது வாயில் புரண்டு இப்படி ஆகியிருக்கிறது. கேட்கிறவர் காதில் ‘ஓவரா ஆயில் விடுறது’ என்றுதான் விழும். சிரிப்பு என்னவென்றால், எங்கள் வாட்ச்சுக்கு யாரோ ஒருவர் உண்மையிலேயே அதைத்தான் செய்திருந்தார். தேதி போடாத அந்தக் கிறுக்கல்காரரா என்று எனக்குச் சந்தேகம். பெரியவர் பெயர் சொல்லிக் குறை பேசுகிற ஆள் இல்லை. “நல்லெண்ணெய்க் குளியல்” என்று மட்டும் சொன்னார். இரண்டு திருகுகளின் தலை, பொருந்தாத ஸ்க்ரூடிரைவரால் கடித்துக் குதறப்பட்டிருந்தது. அதுவும் அதே கைதான் போலிருக்கிறது.

அதிகம் விட்டால் என்ன, குறைவாக விட்டால்தானே தேயும் என்று நானும் கேட்டேன். அவர் லூப்பைத் திரும்பக் கொடுத்து ஒரு கல்லைக் காட்டினார். சக்கரங்களின் அச்சு முனைகள் சுழல்வது உலோகத்தில் அல்ல, துளையிட்ட சின்னச் சின்னச் சிவப்புக் கற்களில். ஒவ்வொரு கல்லின் மேல்புறமும் கிண்ணம் போலக் குழித்திருக்கும். ஊசிமுனை அளவு எண்ணெய் வைத்தால் அது அந்தக் குழியில் அச்சைச் சுற்றி நிற்கும், பரப்பு இழுவிசை பிடித்து வைத்துக்கொள்ளும். கொஞ்சம் அதிகமானாலோ குழியின் விளிம்பைத் தாண்டும். தாண்டியது தகட்டைத் தொட்டதும் அதன் வழியே பரவ ஆரம்பிக்கும், போகும்போது குழிக்குள் இருந்ததையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடும். அதிகமாக விட்ட இடம்தான் முதலில் வறண்டு போகும். நான் பார்த்த கல்லில் பழுப்பு நிறமாக ஒரு வளையம் மட்டும் இருந்தது, காபி டம்ளர் வைத்து எடுத்த தடம் மாதிரி. சுற்றியிருந்த தகடெல்லாம் மினுமினுப்பு.

எண்ணெயும் ஒன்றல்ல. சாவி திருகும் பகுதிக்கு கிரீஸ். மெதுவாக, பாரத்தோடு சுழலும் அச்சுக்குக் கெட்டியான எண்ணெய். இப்படியும் அப்படியும் வேகமாக ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீல் என்கிற சக்கரத்துக்கு மெல்லியது. அந்த வீலுக்கும் மற்றச் சக்கரங்களுக்கும் நடுவே ஆடுகிற கவை மாதிரியான பாகம் பேலட் ஃபோர்க், அதன் கல்முனைகளுக்கு மட்டும் தனியாக ஒன்று. அந்த ஃபோர்க்கின் அச்சுக்கோ ஒன்றுமே விடக்கூடாது, உலர்ந்தே ஓட வேண்டும். சக்கரப் பற்களிலும் எண்ணெய் படக்கூடாது. எங்கே விடக்கூடாது என்பதைத் தெரிந்துகொள்ளவே தனக்குப் பல வருஷம் ஆனது என்றார். இப்போது எல்லாம் செயற்கை எண்ணெய். ஒரு காலத்தில் அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டில் திமிங்கில வேட்டைக்காரர்களிடமிருந்து வாங்கிய போர்பாய்ஸ் தாடை எண்ணெய்தான் உலகத்து வாட்ச்களை ஓட்டியிருக்கிறது. கடல் பிராணியின் தாடைக்குள் நேரம் இருந்திருக்கிறது.

இந்தத் துளி எண்ணெய் என்ன பாடு படுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 565 மூவ்மென்ட் மணிக்கு 19,800 துடிப்பு. ஒரு நாளைக்கு 4,75,200. வருஷத்துக்கு 17 கோடியைத் தாண்டும். 1995 மே மாதத்துக்குப் பிறகு அப்பா அதைச் சர்வீஸுக்குக் கொடுக்கவே இல்லை. ரிட்டயர் ஆன பிறகு ‘ஓடுறவரைக்கும் ஓடட்டும்’ என்று விட்டுவிட்டார் போல. பதினெட்டு வருஷம். 300 கோடித் துடிப்புக்கு மேல். ஐந்திலிருந்து எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை பிரித்துக் கழுவ வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. வண்டிக்கு மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றிய மனிதர் அவர். வாட்ச்சுக்கு மட்டும் தோன்றவில்லை. சத்தம் போடாமல் கெடுகிற பொருளுக்கு எப்போதும் இந்தக் கதிதான்.

அந்தக் கற்களைப் பற்றி ஒரு கிளைக்கதை. டயலில் ‘24 ஜுவல்ஸ்’ என்பது போல எழுதியிருந்தால் உள்ளே மாணிக்கம் இருக்கிறது, கழற்றி விற்கலாம் என்று நம்புகிற உறவினர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். மாணிக்கம்தான், ஆனால் தொழிற்சாலை மாணிக்கம். 1704ல் ஃபாசியோ என்கிற சுவிஸ் கணித அறிஞரும் இரண்டு கடிகாரக்காரர்களும் கல்லில் துளை போடும் உத்திக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினபோது அது நிஜக் கல்லாக இருந்தது. 1902ல் வெர்னுய் என்ற பிரெஞ்சுக்காரர் அலுமினியம் ஆக்சைடு பொடியை நெருப்பில் உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்ட பிறகு விலை கீழே வந்துவிட்டது. இப்போது அந்தக் கல்லில் விலை உயர்ந்தது அதன் துளை மட்டும்தான்.

மூவ்மென்ட்டைப் பிரிப்பதை அரைநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க விட்டார். பேசக்கூடாது, மேசையைத் தொடக்கூடாது, தும்மல் வந்தால் எழுந்து போய்விட வேண்டும் என்பது நிபந்தனை. முள்களைக் கழற்றும்போது டயல் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்துவிட்டு, இரண்டு பக்கமும் நெம்புகோல் கொடுத்து, மூச்சை அடக்கி ஒரே அழுத்து. பேலன்ஸ் வீலைத் தூக்கும்போது அடியில் ஹேர்ஸ்ப்ரிங் தொங்கியது. பெயருக்கேற்ற முடிதான், ஒரு சுருள் முடி. அது ஒரு தடவை கோணினால் நேராக்குவதற்குள் பாதி ஆயுசு போய்விடும் என்றார். அதைக் கண்ணாடி மூடிக்குள் வைத்த பிறகுதான் நானும் மூச்சு விட்டேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மெயின்ஸ்ப்ரிங்தான், சாவி ஏறி வாட்ச்சை ஓட்டுகிற சுருள்வில். பேரல் என்கிற அதன் வட்ட டப்பாவுக்குள்ளிருந்து வெளியே எடுத்துத் தாளில் போட்டார். பக்கத்தில் புதிது ஒன்றையும் போட்டார். புதிது துள்ளி விரிந்து, எதிர்ப்பக்கமும் வளைந்து, ஆங்கில எஸ் எழுத்து போல நின்றது. பழையது விரியவே இல்லை. விடுதலை கொடுத்தும் சுருண்டே கிடந்தது. முப்பது வருஷம் ஒரே டப்பாவுக்குள் இருந்து அந்த வடிவமே அதன் குணம் ஆகிவிட்டது. ‘செட் ஆயிடுச்சு’ என்பார்களாம். அதற்கு மேல் அதில் பலம் இல்லை. மாற்றியே ஆக வேண்டும், இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

யோசிக்க இருந்ததெல்லாம் டயலில்தான். நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே ஈரம் கோத்த பழுப்புத் திட்டு. அங்கங்கே அரிசிக் குருணை அளவில் புள்ளிகள். டயலுக்கு மறுபடி வண்ணம் அடித்து எழுத்துப் பொறித்துத் தருவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், ஒரு வாரத்தில் பளிச்சென்று வந்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதையே செய்துவிடலாம் என்றேன். பெரியவர் மறுக்கவில்லை. டிராயரைத் திறந்து இன்னொரு டயலை எடுத்து எங்கள் டயலுக்குப் பக்கத்தில் வைத்தார். தூரத்தில் பார்த்தால் புத்தம் புதுசு. லூப்பில் பார்த்தால் எழுத்தெல்லாம் கொழுத்து வீங்கியிருந்தன. நிமிடக் கோடுகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் ஓடின. எங்கள் டயலில் அந்த ஊசிமுனை எழுத்தின் ஓரம் இன்னும் கூர்மையாக நிற்கிறது. திட்டு இருக்கிறதே தவிர எழுத்து பிசகவில்லை. “இதை அழிச்சா திரும்ப வராது. அழிக்காம வச்சிருந்தா எப்ப வேணாலும் அழிச்சுக்கலாம்” என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை. டயலைக் கழுவக்கூட இல்லை, காற்றடித்ததோடு சரி. பழைய டயலில் ஈரம் பட்டால் எழுத்து விரலோடு வந்துவிடுமாம்.

இன்னொரு விஷயம். ஆறு மணிக்குக் கீழே, டயல் விளிம்பில் ‘ஸ்விஸ் மேட்’ என்பதற்கு இருபக்கமும் ஆங்கில ‘டி’ எழுத்து இருந்தது. இருட்டில் ஒளிர்வதற்கு ட்ரிட்டியம் என்கிற கதிரியக்கப் பொருள் கலந்த பூச்சு பூசியிருக்கிறது என்று அர்த்தம். ட்ரிட்டியத்தின் அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 12.3 வருஷம். 1967லிருந்து கணக்குப் பார்த்தால் இன்றைக்கு நூற்றில் நாலு பங்குதான் மிச்சம். சின்ன வயதில் போர்வைக்குள் அப்பாவின் கையை இழுத்துப் பச்சையாக மினுங்குவதைப் பார்த்திருக்கிறேன். இப்போது இருட்டறையில் ஐந்து நிமிடம் கண்ணைப் பழக்கி நின்றாலும் ஒன்றும் தெரியவில்லை. புதுப் பூச்சு பூசவா என்றதற்கு வேண்டாம் என்றேன். மணி முள்ளில் உதிர ஆரம்பித்த பூச்சை மட்டும் பின்பக்கமிருந்து ஒட்டி நிறுத்தினார். அந்தத் துகள் மூவ்மென்ட்டுக்குள் விழுந்தால் ஆகாது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை, பழைய வாட்ச் வைத்திருக்கும் எல்லோருக்கும். 1960களுக்கு முந்தைய வாட்ச்சாக இருந்தால் அதில் இருப்பது ரேடியமாக இருக்கலாம். அதன் அரைவாழ்வு ஏறக்குறைய 1,600 வருஷம். ஒளிரவில்லையே, செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். செத்தது ஒளிரும் ரசாயனம் மட்டும், கதிர்வீச்சு அப்படியே இருக்கிறது. நீங்களே மூடியைத் திறந்து சுரண்டாதீர்கள். 1920களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கி டயல்களுக்கு ரேடியம் பூசிய பெண்கள் பட்ட பாடு ஊரறிந்தது.

கேஸுக்கு பாலிஷ் வேண்டாம் என்பதை இந்தத் தடவை நானே சொன்னேன். டயல் விஷயத்தில் கற்றது. பாலிஷ் என்றால் கீறலை நிரப்புவதல்ல, கீறலின் ஆழம் வரைக்கும் சுற்றியுள்ள உலோகத்தை எடுத்துவிடுவது. நாலு தடவை எடுத்தால் ஸ்டிராப் மாட்டும் கொம்புகளின் கூரெல்லாம் போய், வாயிலிட்டுச் சப்பிய மிட்டாய் மாதிரி ஆகிவிடும். எங்கள் வாட்ச்சில் ஒரு பக்கக் கொம்பு ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது, ஆனால் அதைச் செய்தது மெஷின் அல்ல, மேசை விளிம்பு. சங்கிலிப் பள்ளத்தை லேசர் வெல்டிங்கில் நிரப்பலாம், தடமே தெரியாது என்றார். தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் என்னவோ எதையும் மாற்றாத பழமைவாதி ஆகிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணாடியை மாற்றினேன். அது அக்ரிலிக், கீறலைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்து எடுக்கலாம்தான், ஆனால் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருந்தது. புதுக் கண்ணாடியின் நடுவில், சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற கடுகளவு ஒமேகா சின்னம் இருந்தது. பழையதில் அது இல்லை. ஆக, அப்பா உரசி உரசி மங்க வைத்ததே அசல் கண்ணாடி இல்லை. வழியில் எப்போதோ யாரோ மாட்டிய போலி. சாவிக் குமிழும் அப்படியே. அதிலும் சின்னம் இல்லை. இந்த மாடலில் தேதி மாற்ற வேண்டுமென்றால் குமிழைக் கடைசிவரைக்கும் வெளியே இழுக்க வேண்டும், ஓர் இழுப்புக்கு ஒரு நாள் நகரும். முப்பது நாள் மாதம் முடிந்ததும் அப்பா ஒரு தடவை இழுத்துவிடுவார். பிப்ரவரி முடிந்தால் மூன்று இழுப்பு. அப்படி இழுத்து இழுத்து அசல் போயிருக்கலாம். போலிக் குமிழில் தண்ணீர் காக்கும் ரப்பர் சரியாக உட்காரவில்லை. டயலில் திட்டு வந்த வழியும் அதுதான் என்று பெரியவர் கணித்தார். அசல் குமிழ் போட்டாயிற்று. ரோட்டர் புஷ்ஷுக்கும் குதறிய திருகுகளுக்கும் இன்னொரு பழுதான 565 கிடைக்கும்வரை நாலு மாதம் காத்திருந்தேன். இதைச் சொல்லக் காரணம், நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குக் கொடுப்பவர்களும் எதை மாற்றுவது, எதைத் தொடக்கூடாது, பழைய பாகங்கள் திரும்பி வருமா என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. அங்கே வழக்கமாக வாட்ச்சைப் புதிதாக்கத்தான் பார்ப்பார்கள். அது அவர்கள் தொழில் நேர்மை. நம் பிரச்சினை வேறு.

எல்லாம் மாட்டிய பிறகு டைம்கிராபரில் வைத்தார். வாட்ச்சின் டிக் டிக்கை மைக்கில் கேட்டுத் திரையில் கோடு போடுகிற கருவி. பேலன்ஸ் வீல் நடுவிலிருந்து ஒரு பக்கம் எத்தனை டிகிரி வீசி ஆடுகிறது என்பதையும் காட்டும். முதல் நாள் நான் கொண்டுபோனபோது 168. கோடுகள் மழைத் தூறல் மாதிரி சிதறியிருந்தன. இப்போது 284. இரண்டு கோடும் ஒன்றாகச் சேர்ந்து, லேசாக மேல்நோக்கிச் சாய்ந்து போயின. நாளைக்கு ஆறு விநாடி வேகம். படுக்கவைத்து, கவிழ்த்து, நிமிர்த்தி ஒவ்வொரு நிலையிலும் பார்த்தார். சுவிட்சர்லாந்தில், துல்லியமாக ஓடும் வாட்ச்சுகளுக்குக் கொடுக்கும் குரோனோமீட்டர் சான்றிதழுக்கு பதினைந்து நாள் சோதனை செய்து, சராசரி நாளுக்கு நாலு விநாடி மெதுவுக்கும் ஆறு விநாடி வேகத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பார்கள். எங்களுடையது குரோனோமீட்டர் ரகம் இல்லை. இருந்தாலும் அரை நூற்றாண்டுக்குப் பிறகு அந்த வாசலைத் தொட்டுவிட்டு நின்றதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

மூடியை மூடுவதற்கு முன் ஊசியை எடுத்து ‘5.95’க்குக் கீழே தன் அடையாளத்தைக் கீறினார். பழைய பாகங்களைச் சின்ன ஜிப் கவரில் போட்டுக் கொடுத்தார். செட் ஆன ஸ்ப்ரிங், மங்கிய கண்ணாடி, போலிக் குமிழ், தேய்ந்த புஷ், இரண்டு திருகு. எல்லாம் சேர்த்து ஒரு உள்ளங்கைக்குக் காணாது.

கட்டிக்கொண்டு வந்தேன். மூன்றாவது நாள் சாயங்காலம் மணி பார்த்தால் மதியம் இரண்டே காலில் நின்றிருந்தது. கையில் கட்டியிருக்கும்போதே. ஆட்டினேன், ஓடியது. மறுநாள் மறுபடி நின்றது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டாம். நாலு மாதம், இத்தனை பேச்சு, கடைசியில் இதற்குத்தானா என்று நேராகப் பெரியவரிடமே போனேன்.

அவர் ஒன்றும் பேசாமல் வாங்கி, பக்கத்தில் ஒரு காம்பஸ்ஸை வைத்துப் பார்த்தார். போன், ஸ்பீக்கர் காந்தம் ஏறியிருந்தால் முள் ஆடும். ஆடவில்லை. சாவி கொடுத்து டைம்கிராபரில் வைத்தார். 282. கோடு நேராகப் போனது. மூடியைத் திறந்து ரோட்டரைச் சுற்றிவிட்டார், சத்தமே இல்லாமல் சுழன்றது. மூடினார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி என்ன வேலை பார்க்கிறீங்க?”

“கம்ப்யூட்டர் வேலைதான் ஐயா. வீட்லேருந்தே.”

“அப்பா?”

“சர்வேயர்.”

“நாளைக்கு எத்தனை மைல் நடப்பாரு?”

யோசித்துப் பார்த்தேன். எட்டு மைல் இருக்கும். கையில் சங்கிலியோ கொடியோ பிடித்துக்கொண்டு, மேடும் பள்ளமுமாக. நான் அந்த மூன்று நாளில் மேசையை விட்டு எழுந்தது சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் மட்டும்தான். முழுசாக ஏறினால் இரண்டு நாள் ஓடக்கூடிய ஸ்ப்ரிங்குக்கு, கீபோர்டில் அசைகிற விரல் எந்த மூலைக்கு?

“வாட்ச்சுல கோளாறு இல்ல” என்றார். “காலைல எழுந்ததும் முப்பது சுத்து சாவி குடுங்க. இல்லேன்னா கொஞ்சம் நடங்க.”

காசு வாங்க மறுத்துவிட்டார். இப்போது தினமும் சாவி கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கொடுப்பதில்லை, ஒரு மணி நேரம் கையை வீசி நடந்துவிட்டு வந்து, ராத்திரி ஓடுகிறதா என்று பார்க்கிறேன். போன வாரம் ஓடிக்கொண்டிருந்தது.